வேலந்தாவளம் ரோட்டு டர்ஃப்: போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிற டர்ஃப் (செயற்கைப் புல் விரித்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற கிரிக்கெட் கிரவுண்டு) பற்றி எழுதுகிறேன். நான் ஆடுகிறவன் இல்லை, ஸ்கோர் எழுதுகிறவன். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, கொல்லங்கோடு என்று ராத்திரி டோர்னமென்ட் எங்கே நடந்தாலும் கூப்பிட்டால் போவேன். மேட்ச்சை வைத்துப் பணம் கட்டிச் சூதாடுகிற, அதாவது பெட் கட்டுகிறவர்களை உள்ளே விடாமல் ஒரு டோர்னமென்டைக் கடைசிவரை நடத்துகிற இடம், நான் பார்த்த வரைக்கும், இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் இது ஒன்றுதான்.

ஆடுகளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விரிப்பு நல்ல விரிப்பு, மடிப்பு இல்லை, ஸ்டம்பர் பந்து (டென்னிஸ் பந்து மாதிரியான ரப்பர் பந்து) சீராக எழும்புகிறது. தெற்கு மூலை விளக்கு மங்கல். அந்தப் பக்கம் உயர அடித்த பந்து கண்ணுக்கே தெரியாது. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து இழுத்து வீசும்போது கிழக்குப் பக்க வலை உயரம் போதவில்லை. பந்து தோப்புக்குள் போய்விடும், தேடி எடுக்க ஆள் கிடையாது. மற்றபடி குறை இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் ஒரு மர அலமாரி. சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர். ஆடுகிறவர்கள், அம்பயர், ஸ்கோர் எழுதுகிற நான், எல்லோரும் போனை அதில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். டர்ஃப்கார அண்ணனுடைய அம்மா அங்கே உட்கார்ந்திருப்பார். நம் பசங்களிடம் "போனைக் குடுத்துட்டுப் போ கண்ணு, ஆட்டம் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்" என்பார். பாலக்காட்டு டீம் வந்தால் அதே குரலில் "ஃபோண் இவிடெ வெச்சோ மோனே". அதிலும் செய்தி வரும் என்பதால் ஸ்மார்ட் வாட்சையும் கழற்றச் சொல்லுவார். பசங்க முணுமுணுக்கிறார்கள். ஆனால் 2018இல் லார்ட்ஸ் டெஸ்டின்போது பாகிஸ்தான் வீரர்களிடம் ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) அதிகாரிகள் இதையேதான் சொன்னார்கள், வாட்சைக் கட்டிக்கொண்டு ஆடக்கூடாது என்று. உலக அளவில் இருக்கிற கட்டுப்பாட்டை ஒரு கிராமத்து டர்ஃப் கடைப்பிடிக்கிறது என்றால் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

ஆறு ஓவர் மேட்ச்சுக்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். வேறொரு ஊர், வேறொரு கிரவுண்டு. அங்கே ஸ்கோரைப் புத்தகத்தில் எழுதுவதோடு, பந்துக்குப் பந்து மொபைல் ஆப்பிலும் ஏற்ற வேண்டும். நாலாவது ஓவர் முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவர், "அண்ணா, ஒவ்வொரு பந்தையும் அரை நிமிஷம் லேட்டா ஏத்துங்க, போதும். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார், ஆயிரம் ரூபாய் தருவதாக. கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது அல்லவா? எங்கேயோ உட்கார்ந்து ஆப்பைப் பார்த்துப் பெட்டுக்கு ரேட் போடுகிறவனுக்கு விக்கெட் விழுந்தது தெரியாது. கிரவுண்டில் நிற்கிறவனுக்குத் தெரியும். அந்த அரை நிமிஷத்துக்குள் பழைய ரேட்டுக்குப் பணத்தைக் கட்டிவிடுவான். சர்வதேச மேட்ச்சுகளில் டிவியில் படம் வருவதற்கு முன்னால் கேலரியிலிருந்து போனில் சொல்கிற ஆட்களைப் பிடித்து வெளியே அனுப்புவதும் இதற்காகத்தான். நான் நடத்துகிறவர்களிடம் போய்ச் சொன்னேன். "விடுங்கண்ணா, பாத்துக்கலாம்" என்றார்கள். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த டோர்னமென்டுக்கு எனக்கு வர வேண்டிய காசும் வரவில்லை.

இந்த டர்ஃபில் விதிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் பெயின்டில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த வரி: பெட் விஷயமாக யாராவது பேசக் கேட்டும் சொல்லாமல் இருந்தால், பேசினவனோடு சேர்த்து அவனும் வெளியே. இது கடுமை என்று ஒரு கேப்டன் சண்டை போட்டார். பங்களாதேஷ் வீரர் ஷகிப் அல் ஹசன் 2019இல் எதற்காகத் தடைபட்டார்? ஆட்டத்தை விற்றதற்காக இல்லை. பெட் ஆட்கள் தன்னை அணுகினார்கள் என்பதைச் சொல்லாமல் இருந்ததற்காக. ரெண்டு வருஷம் தடை, அதில் ஒரு வருஷம் நிறுத்திவைப்பு. உலகத்தின் சிறந்த ஆல்ரவுண்டருக்கே அந்த விதி என்றால் நமக்கும் அதுதான்.

நோபாலுக்கென்று கோட்டுக்கு நேராகத் தனியாக ஒரு பையனை உட்கார வைக்கிறார்கள். ஸ்கோர் எழுதுகிறவனாக இதற்காக நான் கையெடுத்துக் கும்பிடுவேன். 2010 ஆகஸ்டில் லார்ட்ஸில் பாகிஸ்தான் பவுலர்கள் ஆமிரும் ஆசிஃபும் வேண்டுமென்றே போட்ட நோபால்களை நினைத்துப் பாருங்கள். ஆமிருக்கு அப்போது 18 வயசு. கால் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் விழுந்தது. எந்தப் பந்தில் நோபால் வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல, மஸ்ஹர் மஜீத் என்கிற ஏஜென்ட் 1,50,000 பவுண்டு வாங்கியிருந்தார், வேஷம் போட்டு வந்த பத்திரிகைக்காரரிடமிருந்து. கேப்டன் சல்மான் பட் உட்பட நாலு பேரும் 2011இல் லண்டனில் ஜெயிலுக்குப் போனார்கள். "ஒரு நோபால்தானே, மேட்ச்சையா தோத்தோம்?" என்று பேசுகிற பசங்களை எல்லா ஊரிலும் கேட்கிறேன். ஒரு எக்ஸ்ட்ரா ரன் பொய் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பக்கத்தில் நான் எழுதின எந்த எண்ணையும் நம்ப முடியாது.

இந்தப் பக்கத்துப் பசங்களுக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. பாதிப் பேர் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில்தான் ஆட வருகிறார்கள். அந்த மஞ்சள் சட்டை 2016, 2017 ரெண்டு சீசன் ஐபிஎல்லில் இல்லாமல் போனது எதனால் என்று இப்போது பதினைந்து வயசுப் பையனுக்குத் தெரியவில்லை. சென்னை டீமின் நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன் பெட் வழக்கில் 2013இல் கைதானது, உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா கமிட்டி 2015 ஜூலையில் சென்னை, ராஜஸ்தான் டீம்களை நிறுத்திவைத்தது, எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மலையாளப் பசங்க தங்கள் ஊர் பவுலர் ஸ்ரீசாந்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்ஸிங் (பணத்துக்காகச் சில பந்துகளை மட்டும் சொன்னபடி போடுவது) வழக்கில் 2013 மே மாதம் கைது. 2015இல் டெல்லி நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. ஆயுள் தடை பிறகு ஏழு வருஷமாகக் குறைந்து 2020 செப்டம்பரில் முடிந்தது. நீதிமன்றம் விடுவித்ததை அவர்கள் சொல்வதும் நியாயம்தான். நம் நாட்டில் மேட்ச் ஃபிக்ஸிங்குக்கென்று தனிச் சட்டமே இல்லை. இலங்கை 2019இல் கொண்டுவந்துவிட்டது, நாம் இன்னும் கொண்டுவரவில்லை.

இந்த டர்ஃபில் மேட்ச்சை லைவ் போடுவதில்லை. வீடியோ எடுத்து மறுநாள் யூடியூபில் ஏற்றுகிறார்கள். லைவ் இருந்தால்தான் விளம்பரம் தருவோம் என்று வருகிற ஸ்பான்சர்களை இதனால் இழக்கிறார் அண்ணன். "கேமராவும் லைட்டும் இருந்தா எவன் எங்கிருந்து பெட் கட்டுவான்னு நமக்கென்னங்க தெரியும்" என்கிறார். அவர் பயம் வெறும் பயம் இல்லை. 2022இல் குஜராத்தில் மோலிபூர் என்கிற கிராமத்தில் ஒரு வயலைக் கிரவுண்டாக்கி, கூலிக்காரப் பசங்களுக்கு ஐபிஎல் டீம் சட்டை மாட்டிவிட்டு, மேட்ச்சுக்கு 400 ரூபாய் கொடுத்து ஆடவிட்டார்கள். யூடியூபில் லைவ். ரஷ்யாவில் இருந்தவர்கள் அதை நிஜம் என்று நம்பிப் பணம் கட்டினார்கள். அம்பயர் கையில் வாக்கிடாக்கி. அதில் வந்த உத்தரவுப்படி பவுலரிடம் சொல்ல, பந்து அதற்கேற்ப விழுந்தது. அந்த 400 ரூபாய்தான் எனக்கு மனசில் நிற்கிறது. ஆடுகிறவனுக்குக் கூலி குறைந்தால், அவனை வாங்க வருகிறவனுக்குச் செலவு குறைகிறது.

இங்கே அம்பயருக்கும் ஸ்கோரருக்கும் பாதிக் காசு முதல் மேட்ச்சுக்கு முன்னால், மீதி ஃபைனலுக்கு முன்னால். கையில், ரொக்கமாக. பரிசுப் பணமும் அன்றைக்கே. நல்லது என்று நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

சரி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வீடியோ லைவ் இல்லை, ஆனால் ஆப்பில் ஸ்கோர் பந்துக்குப் பந்து போகிறது. என் போன் அலமாரியில் இருக்கும், ஆபீஸ் டேப்லெட்டில் ஏற்றச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஓவருக்கு ஒரு தடவை ஏற்றினால் போதும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டிலிருந்து பார்க்கிற அப்பா அம்மாக்கள் கேட்கிறார்கள் என்கிறார். அவர்கள் ஆறு பந்து காத்திருக்கலாம் என்பது என் கருத்து.

டாய்லெட் ஒன்றுதான், சுத்தமாக இருக்கிறது. குடிதண்ணீர் கேன் சீக்கிரம் காலியாகிவிடும், பாட்டில் கொண்டுபோங்கள். டீ சுமார். டர்ஃப் வாடகை பகலில் மணிக்கு 800 ரூபாய், சாயங்காலம் ஆறுக்கு மேல் 1,100. ஞாயிறு ஸ்லாட் வேண்டுமென்றால் புதன்கிழமைக்குள் நேரில் போய் அட்வான்ஸ் கட்டிவிடுங்கள், போனில் பிடித்துவைக்க மாட்டார்.