ஒரே வாடகை வீட்டில் இரண்டு மனசாட்சி

கிராமத்துப் பெண்ணும் நகரத்துப் பெண்ணும் தோழிகள் ஆகும் கதை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஒருத்தி வெள்ளந்தி, இன்னொருத்தி விவரமானவள். வெள்ளந்தி ஏமாறுவாள், விவரமானவள் கடைசியில் திருந்துவாள். நான் கிராமத்தில் வளர்ந்து, வேலைக்காக நகரத்துக்கு வந்து, தோழி ஒருத்தியோடு வாடகையைப் பகிர்ந்துகொண்டு குடியிருந்தவள். அந்த மாதிரி வெள்ளந்தியை எங்கள் ஊரில்கூட நான் பார்த்ததில்லை.

இயக்குநர் எரிக் ரோமேரின் ‘ரெனெத், மிராபெல்: நான்கு சாகசங்கள்’ எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு, அந்த வெள்ளந்தி இதில் இல்லாததுதான் காரணம். 1987இல் வெளியான பிரெஞ்சுப் படம். இதில் வரும் கிராமத்துப் பெண் ரெனெத்திடம் எது சரி, எது தப்பு என்று ஒரு கறாரான கணக்கு இருக்கிறது. பாரிஸ் பெண் மிராபெல் ஆளைப் பார்த்து, சமயத்தைப் பார்த்து முடிவெடுக்கிறவள். படம் முழுக்க இரண்டு பேரும் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் ஜெயிப்பதில்லை, நட்பும் முறிவதில்லை.

சாகசம் என்று தலைப்பில் இருந்தாலும் மலையேற்றமோ துரத்தலோ கிடையாது. ஒரு பஞ்சர், ஒரு காபி பில், சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பை, வீட்டு வாடகை. இந்த நான்கைச் சுற்றி நான்கு தனித்தனிக் கதைகள். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

முதல் கதையின் பெயர் ‘நீல நேரம்’. நாட்டுப்புறச் சாலையில் சைக்கிளில் போகும் மிராபெல்லுக்கு டயர் பஞ்சராகிவிடுகிறது. அந்தப் பக்கமாக வரும் ரெனெத், தானே ஒட்டித் தருகிறேன் என்று கூட்டிப்போகிறாள். ட்யூபை வெளியே இழுத்துத் தண்ணீரில் அமுக்குகிறாள், குமிழி கிளம்பும் இடத்தைக் கண்டுபிடிக்கிறாள், பேட்ச் போடுகிறாள். வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் இதை நான்கு வெட்டுகளில் முடித்து நேராகப் பேச்சுக்குப் போயிருப்பார். ரோமேர் அந்த வேலை நடக்கிற வேகத்துக்கே நம்மையும் உட்கார வைக்கிறார். ரெனெத் செய்துகொண்டே சொல்லித்தருகிறாள். குரலில் கொஞ்சம் வாத்தியார்த்தனம். சைக்கிள் வைத்திருக்கிற மிராபெல்லுக்கு அதை ஒட்டத் தெரியவில்லை, ஆனால் கவனித்துக் கேட்கத் தெரிகிறது. இவர்கள் ஏன் தோழிகள் ஆனார்கள் என்பதற்கு எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ரெனெத் ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் தனியாக இருக்கிறாள், யாரிடமும் கற்காமல் ஓவியம் வரைகிறாள். அவள் மிராபெல்லுக்குச் சொல்லும் விஷயம்தான் தலைப்பில் இருக்கும் நீல நேரம். அது நேரம்கூட இல்லை, ஒரு நிமிடம் என்கிறாள். விடிவதற்குச் சற்று முன்னால் இரவுப் பறவைகள் அடங்கிவிடும், பகல் பறவைகள் இன்னும் தொடங்கியிருக்காது. அந்த இடைவெளியில் மட்டும் உண்மையான மௌனம் கேட்கும் என்பது அவள் நம்பிக்கை. அதைத் தோழிக்குக் காட்டுவதற்காக அவளை இரவு தங்கவைக்கிறாள். இருட்டோடு இருட்டாக எழுந்து போய் நிற்கிறார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு வண்டியின் மோட்டார் சத்தம். ரெனெத் அழுதுவிடுகிறாள்.

இந்த அழுகையைச் சிலர் மிகை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு மிகவும் பிரியமான ஒன்றை, அப்போதுதான் கிடைத்த ஒரு சிநேகிதிக்குக் காட்டப்போய் அது கெட்டுப்போனால் வருகிற ஆற்றாமை அது. மிராபெல் அதற்குச் சொல்லும் பதில் ரொம்பச் சாதாரணம்: இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போகிறேன். அவ்வளவுதான். தோழமை என்று படம் தூக்கிப்பிடிக்கிற ஒரு வசனம்கூட இல்லை; அந்த ஒரு நாள் இருக்கிறது.

அந்தக் கூடுதல் நாளில் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்தைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே இருப்பவர்கள் நடிகர்கள் இல்லை, நிஜ விவசாயக் குடும்பம், தங்களாகவே வருகிறார்கள். தோட்டத்தையும் ஆடுமாடுகளையும் சுற்றிக்காட்டுகிறார்கள். கதைக்கு இந்தக் காட்சி ஒரு துளியும் உதவுவதில்லை. ஆனால் மிராபெல் கேட்கிற கேள்விகளைக் கவனியுங்கள். அவளுக்குச் செடிகள்மீது இருக்கும் ஆர்வம் நடிப்பு மாதிரியே இல்லை. பண்ணைக்காரரும் கேமராவை மறந்து, தன் பயிரைப் பற்றிப் பேசும் எந்த விவசாயியும் பேசுகிற உற்சாகத்தில் பேசுகிறார். நகரத்துப் பெண் கிராமத்தைப் பார்த்து ‘ஆகா, எவ்வளவு அமைதி’ என்று சிலாகிக்கும் காட்சிகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் பெரிய ஆறுதல்.

எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1920இல் பிறந்த ரோமேர், ‘காயே து சினேமா’ என்ற சினிமா இதழின் ஆசிரியராக இருந்தவர், ‘புதிய அலை’ என்ற பிரெஞ்சு சினிமா இயக்கத்துக்காரர்களில் வயதில் மூத்தவர்களில் ஒருவர். அறுபதைத் தாண்டிய பிறகு, பெரிய குழு, பெரிய விளக்குகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 16 எம்எம் என்ற சின்ன அளவு ஃபிலிமில், சொற்ப ஆட்களோடு இந்தப் படத்தை எடுத்தார். ஒளிப்பதிவு சோஃபி மெந்திஞ்ஞோ. காட்சிக்கு அடியில் இசையை ஓடவிட்டு நம்மை உருகவைக்கும் பழக்கம் ரோமேரிடம் கிடையாது, அதனால் தவளை, பறவை, காற்று எல்லாம் அதனதன் குரலில் கேட்கின்றன. ரெனெத்தாக வரும் ஜோயெல் மிக்கேல் நிஜத்திலும் ஓவியம் வரைபவர். படத்தில் நாம் பார்ப்பது அவர் வரைந்த ஓவியங்கள்தான். மிராபெல்லாக வரும் ஜெசிக்கா ஃபோர்ட் பிற்பாடு படப்பிடிப்புகளில் புகைப்படக் கலைஞராகிவிட்டார்.

ரெனெத் ஓவியப் படிப்புக்காகப் பாரிஸ் வருகிறாள், மிராபெல்லின் வீட்டிலேயே தங்குகிறாள். இங்கிருந்து மற்ற மூன்று கதைகளும் நகரத்தில்.

இரண்டாவது கதை ஒரு காபிக் கடை வாசலில் நடக்கிறது. பாரிஸின் மோன்பர்னாஸ் பக்கம் மிராபெல்லைச் சந்திக்க வேண்டும். ரெனெத் வழி கேட்கிறாள். வழி சொல்ல வந்த இரண்டு ஆண்கள் தங்களுக்குள்ளேயே சண்டை பிடிக்கிறார்கள். ஒருவழியாகக் கடையைக் கண்டுபிடித்து, வெளியே போட்டிருக்கும் மேஜையில் உட்கார்ந்து காபி சொல்கிறாள். காபி விலை சில பிராங்க், அப்போதைய பிரெஞ்சு நாணயத்தில். அவளிடம் இருப்பது பெரிய நோட்டு. பரிமாறுகிறவர் வாங்க மறுக்கிறார். சில்லறை இல்லை என்று சொல்லிவிட்டு ஓடப்பார்க்கிறாயா, உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்கிறார். மிராபெல் வந்து சேர்கிறாள், அவளிடமும் பெரிய நோட்டுதான். ஃபிலிப் லோடன்பாக் இந்தப் பரிமாறுகிறவராக வருகிறார். நியாயம் தன் பக்கம் என்று அவர் முகத்தில் இருக்கும் அந்தக் கோபம்தான் பயமுறுத்துகிறது. தான் அநியாயம் செய்கிறோம் என்ற நினைப்பே அந்த மனிதருக்கு இல்லை.

அவர் உள்ளே போன சமயம் பார்த்து மிராபெல், வா போகலாம் என்று எழுந்துவிடுகிறாள். இரண்டு பேரும் ஓடுகிறார்கள். ஆக, அவர் சொன்னது மாதிரியே ஆகிவிட்டது! மிராபெல்லுக்கு இது அங்கேயே முடிந்த விஷயம். ரெனெத்துக்கு முடியவில்லை. மறுநாள் காலை அந்த ஒரு காபிக்கான காசோடு திரும்பிப் போகிறாள். அங்கே என்ன நடக்கிறது என்பதைப் படத்திலேயே பாருங்கள். எனக்கு ரெனெத்தின்மீது மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். மோசமாக நடத்தியவருக்குக்கூட கடன்பட்டிருக்க அவளால் முடியவில்லை.

மூன்றாவது கதைக்கு வருவோம். தெருவில் கை நீட்டுகிறவர்களுக்கு ரெனெத் காசு போடுகிறாள், மிராபெல் போடுவதில்லை. அதைப் பற்றிப் பேச்சு. அப்புறம் மிராபெல் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பெண் பொருள்களைத் திருடுவதைக் கவனிக்கிறாள். கண்காணிப்பாளர்கள் அந்தப் பெண்ணைப் பின்தொடர்வதையும் கவனிக்கிறாள். பில் போடும் இடத்தில் அவளுடைய பையைச் சட்டென்று தான் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறாள், அந்தப் பெண் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால் அவள் போய்விட்டாள். பையில் ஷாம்பெயின், சால்மன் மீன். அன்று இரவு வீட்டில் விருந்து. விஷயம் தெரிந்ததும் ரெனெத் கொதித்துப்போகிறாள். பிடிபட்டிருந்தாலாவது அந்தப் பெண் திருந்த ஒரு வாய்ப்பு இருந்திருக்கும், நீ அதைக் கெடுத்துவிட்டாய் என்பது அவள் கட்சி. அவளுக்கு உதவி தேவைப்பட்டது, செய்தேன் என்பது மிராபெல்லின் கட்சி.

இந்த வாதம்தான் படத்தின் உயிர் என்பேன். ரோமேர் கேமராவை அசைக்காமல் இருவரையும் பேசவிடுகிறார். யார் பக்கம் நிற்க வேண்டும் என்று வெளிச்சத்தாலோ இசையாலோ நமக்குச் சொல்வதில்லை. என்னோடு படம் பார்த்த தோழி மிராபெல் கட்சி, நான் ரெனெத் கட்சி. படத்தை நிறுத்திவிட்டு நாங்கள் பேச ஆரம்பித்துவிட்டோம். எங்களுக்கும் ஒரு காலத்தில் இந்த மாதிரி வாதங்கள்தான் இரவு உணவு நேரமெல்லாம் நடக்கும். கூடக் குடியிருப்பவளின் மனசாட்சி நம்முடையது மாதிரி வேலை செய்யாது என்று தெரிந்துகொள்வதும், தெரிந்த பிறகும் அவளுக்கும் சேர்த்துச் சமைப்பதும் நட்பில் பெரிய பகுதி. அதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு படம் எனக்குத் தெரியாது.

ரெனெத்தின் கொள்கைக்கும் சோதனை வருகிறது. ரயில் நிலையத்தில் டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை என்று கேட்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிறாள். பிறகு அதே பெண் வேறு ஆட்களிடமும் அதே கதையைச் சொல்வதைப் பார்த்துவிட்டு நேருக்கு நேர் நிற்கிறாள். மரி ரிவியேர் அந்தப் பெண்ணாக நடித்திருக்கிறார். அவர் அழத் தொடங்கியதும், அதுவரை சட்டம் பேசிய ரெனெத் தடுமாறுவதைப் பாருங்கள். மிராபெல்லிடம் கேட்ட வாதங்கள் அவளுக்குள் எங்கேயோ இறங்கியிருக்கின்றன. அவள் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

குறையும் இருக்கிறது. பிச்சை கேட்பவர், திருடுபவர், ஏமாற்றுபவர் என்று மூன்று பேரையும் ஒரே கதையில் வரிசையாகக் கொண்டுவந்தது எனக்குக் கொஞ்சம் செயற்கையாகத் தெரிந்தது. முதல் கதையில் எல்லாம் தானாக நடந்தது போல இருக்க, இங்கே விவாதத்துக்கு ஏற்றபடி ஆட்களை அடுக்கியது தெரிகிறது. ஜோயெல் மிக்கேலின் குரல் உணர்ச்சிவசப்படும்போது கீச்சென்று உயரும். பழகக் கொஞ்சம் நேரமாகும். படத்தின் நிறத்தையும் துகள்துகளான பிம்பத்தையும் பார்த்து, பளபளப்பான படங்களுக்குப் பழகியவர்கள் முதலில் முகம் சுளிக்கலாம். வசனம் நிறைய என்பதால் சப்டைட்டில் நிற்காமல் ஓடும். வேறு வேலை செய்துகொண்டே பார்க்கக்கூடிய படம் இல்லை.

நான்காவது கதை நல்ல சிரிப்பு. வாடகை கொடுக்க ரெனெத்திடம் பணமில்லை, ஓவியம் ஒன்றை விற்றாக வேண்டும். இதற்கிடையில் நீ எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறாய் என்று மிராபெல் சொல்லப்போக, நாளை முழுவதும் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று ரெனெத் சபதம் போடுகிறாள். ஓவியக் கடைக்காரர் அவளை வரச் சொல்வது சரியாக அந்த நாளில். சொன்ன சொல்லை மீறினால் அவள் ரெனெத்தே இல்லை. வாயைத் திறக்காமல் ஓவியத்தோடு போய் நிற்கிறாள். மிராபெல், முன்பின் தெரியாத வாடிக்கையாளர் மாதிரி உள்ளே நுழைகிறாள்.

கடைக்காரராக ஃபப்ரிஸ் லுச்சினி. ஓவியத்தைப் பற்றி அவர் பேசிக்கொண்டே போகிறார், எதிரில் இருப்பவள் பதில் சொல்லாததுகூட அவருக்கு வசதியாகவே இருக்கிறது. விற்றால் பணம் தருகிறேன் என்கிற பேச்சு எப்படித் திரும்புகிறது, மிராபெல் எந்த இடத்தில் குரலை உயர்த்துகிறாள் என்பதையெல்லாம் நான் சொல்லிக் கெடுக்கப்போவதில்லை. காபிக் கடையிலிருந்து ஓடலாம் என்று சொன்ன அதே மிராபெல்தான் இவள். அவளுடைய கூசாத தைரியம் இப்போது ரெனெத்துக்கு வாடகையாகிறது. ரெனெத்தின் பிடிவாதமும் அதில் பாதி வேலை செய்கிறது.

ஹெட்போன் போட்டுக்கொண்டோ நல்ல ஸ்பீக்கரிலோ பாருங்கள், முதல் கதையின் விடியற்காலைக்கு அது தேவை. முடிந்தால் கூட வாதாட ஒரு ஆளோடு பாருங்கள். கடைசியில் தோழிகள் இருவரும் ஓவியக் கடையை விட்டு வெளியேறியதும் படம் முடிந்ததென்று எழுந்துவிடாதீர்கள், அந்தக் கடைக்காரர் இன்னும் பேசி முடிக்கவில்லை.