மீன் தொட்டியோடு பைப் செட் விற்கிறார்கள், உஷார்

மாடியில் மீனும் காய்கறியும் சேர்த்து வளர்க்க அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரையே செடிகளுக்குச் சத்தாக ஓட்டும் முறை) போட்டுத் தருகிறோம் என்று வந்த ஒரு நிறுவனத்திடம் 80,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. இதே சரக்கை இதே பேச்சோடு விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் இந்தப் பதிவு.

வந்து இறங்கியவை: 1,000 லிட்டர் தொட்டி, சின்ன மோட்டார், ஸ்டாண்டில் அடுக்கிய பிவிசி பைப்புகள், செடியைப் பைப்பில் நிறுத்தி வைக்கிற நெட் கப் என்ற ஓட்டைக் கிண்ணங்கள், ஜிலேபி மீன்குஞ்சுகள். பைப்பின் அடியில் மெல்லிசாகத் தண்ணீர் ஓடும், வேர் அதிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும். இதை என்எஃப்டி என்பார்கள். சுத்தமான உரக் கரைசலில் கீரை வளர்க்க நல்ல முறை. ஆனால் மீன் தொட்டித் தண்ணீரில் கழிவும் தின்னாத தீவனமும் கலந்திருக்கும். அதை வடிகட்ட ஒரு டிரம், நுண்ணுயிர்கள் தங்க இன்னொரு டிரம் இல்லாமல் இந்த முறையில் மீன் வளர்க்க முடியாது. இரண்டுமே வரவில்லை. கேட்டால், "அதெல்லாம் வேரே பாத்துக்கும் சார்" என்றார் பொருத்த வந்த பையன்.

தொட்டி நிரப்பிய அன்றைக்கே குஞ்சுகளை மொத்தமாக விட்டார்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைச் செடிக்கு உதவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதற்கு முன் இத்தனை மீன் விட்டால் என்ன ஆகும்? செத்து மிதந்தன. "உங்க போர் தண்ணி சரியில்ல" என்று டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டினார்கள். அது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும், டிடிஎஸ் மீட்டரில் அம்மோனியா எப்படித் தெரியும்? அம்மோனியா கிட் கொண்டுவாருங்கள் என்றேன், அப்படி ஒன்று அவர்களிடம் கிடையாது.

அடுத்து விட்ட மீன்கள் பிழைத்தன, பைப்புகள் அடைத்துக்கொண்டன. ஒரு தக்காளிச் செடியை நெட் கப்போடு இழுத்தால் வரவே இல்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் வேர் பாய் பின்னினாற்போல் பைப்பை நிறைத்துக் கிடந்தது, அதன்மேல் வழவழவென்று பழுப்புச் சேறு, முட்டை அழுகின நாற்றம். அடைப்பைத் தாண்டி இருந்த செடிகளுக்குத் தண்ணீரே போகவில்லை. இந்த லட்சணத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய நாளில், வெயிலில் மதியத்துக்குள் எல்லாம் துவண்டுவிட்டன. பைப்பில் தேங்கி நிற்கிற தண்ணீர் கிடையாதே, மோட்டார் நின்றால் வேர் காயத்தான் செய்யும்.

இலை மஞ்சளாகிறது என்று சொன்னதற்கு ஏ, பி என்று இரண்டு பாட்டில் உரம் விற்கப் பார்த்தார்கள். அது மீனும் மண்ணும் இல்லாமல் உரக் கரைசலில் செடி வளர்க்கிற ஹைட்ரோபோனிக்ஸுக்கான உரம். மீனுக்கு ஆகுமா என்றேன். "கொஞ்சமா ஊத்துங்க" என்றார்கள்.

வீட்டளவில் செய்ய நினைப்பவர்கள் ஜல்லிப் படுகையைக் கேளுங்கள், அதாவது பைப்புக்குப் பதில் ஜல்லி நிரப்பிய தொட்டியில் செடி நட்டு, மீன் தண்ணீரை அதில் விடுவது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் வெளியிட்ட அக்வாபோனிக்ஸ் கையேடும் சிறிய அளவுக்கு அதைத்தான் முன்வைக்கிறது. சுமார் 30 செ.மீ. ஆழத்தில் ஜல்லி போட்டால் வடிகட்டியும் பாக்டீரியாவுக்கு இடமும் அதுவே, தக்காளி, கத்தரியும் நிற்கும். மீன் அதிகமானால் தனி வடிகட்டி வேண்டும். ஜல்லியில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள், பொங்கினால் சுண்ணாம்புக்கல், வேண்டாம். எடை அதிகம், மாடி தாங்குமா என்று முதலில் இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள். தண்ணீரில் மிதக்கும் பலகையில் செடியை வைக்கிற மிதவைப் பலகை முறையில் செடிக்கடியில் தண்ணீர் நிறைய நிற்பதால் கரண்ட் போனாலும் செடி சட்டென்று வாடாது, கீரைக்கு நல்லது. ஆனால் அதற்கும் வடிகட்டி, ஏர் பம்ப் இரண்டும் வேண்டும். எந்த முறையானாலும் மீன் தொட்டிக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பில்லை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். "கார்டன் கிட்" என்று மட்டும் போட்டிருக்கிறது, மீன் என்ற பேச்சே இல்லை. மீன் எங்கள் பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இப்படி பைப் செட் வாங்கியவர்கள், உங்கள் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.