ரூபாக் கணக்கா, லீற்றர்க் கணக்கா? 2022இல் பெற்றோலைப் பங்கிட்ட விதங்கள்

எரிபொருள் இறக்க டொலர் இல்லாமல் நாடு தவித்த 2022இல், ஏப்ரல் 15 அன்று இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு தடவையில் மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபா, ஓட்டோவுக்கு 1,500, கார், வான், ஜீப்புக்கு 5,000 ரூபா வரைதான் அடிக்கலாம். அப்போது 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 254 ரூபா. ஆயிரத்துக்கு நாலு லீற்றருக்குக் கிட்ட வந்தது. நாலு நாளில் விலை 338 ஆனது. அதே ஆயிரத்துக்கு மூன்று லீற்றர்கூட முழுசாக வரவில்லை. பங்கை ரூபாவில் அளந்தால் விலை ஏறும்போதெல்லாம் அது சொல்லாமலே சுருங்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. காலையில் அடித்த வண்டி மத்தியானம் இன்னொரு பெற்றோல் செட்டில் வந்து நின்றால் கண்டுபிடிக்க வழியில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் முற்றத்தில் வண்டியைச் சரித்து, ரியூப்பால் உறிஞ்சி, ஐந்து லீற்றர் கானுக்குள் பெற்றோலை இறக்கிவிட்டு மறுபடி வரிசைக்குப் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கிடைக்குமா என்று தெரியாத இடத்தில் எவரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் ஊர் முழுக்க அப்படிச் செய்தபோது கொலன்னாவை, முத்துராஜவெல எண்ணெய்க் களஞ்சியங்களில் இருக்கவேண்டிய கையிருப்பு எங்கள் வண்டித் தாங்கிகளுக்கும் வீட்டுக் கான்களுக்கும் இடம் மாறிவிட்டது. கால் தாங்கியோடு ஓடிய வண்டிகள் எல்லாம் முழுத் தாங்கியோடு நின்றன. வரிசையின் நீளத்தில் உண்மையான தேவை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

விலையை ஏற்றினால் வாங்குவது தானாகக் குறையும், பங்கீடே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் ஜூன் 26இல் 470 ஆனது. வாங்குவது குறையத்தான் செய்தது. ஆனால் மறுநாளே, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லாதபோது 470 கொடுக்கத் தயாராக நின்றவருக்கும் பெற்றோல் இல்லை. விலை என்பது இருப்பதைப் பிரித்துக் கொடுக்கும், இல்லாததைக் கொண்டுவராது.

ஜூலை நடுவில் கியூஆர் முறை வந்தது. வண்டியைப் பதிந்தால் ஒரு கியூஆர் குறியீடு கிடைக்கும், செட்டில் அதை ஸ்கேன் பண்ணித்தான் அடிப்பார்கள். வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கும் வானுக்கும் 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. பங்கு லீற்றரில், அதுவும் வண்டி இலக்கத்தின் பேரில். எந்தச் செட்டுக்குப் போனாலும் மிச்சம் எவ்வளவு என்று போன் காட்டிவிடும். ஓகஸ்டில் வரிசைகள் குறைந்ததற்கு ஏறிய விலையும் வந்து சேர்ந்த கப்பல்களும் காரணம்தான். ஆனாலும் பயத்தைத் தணித்தது கியூஆர் என்றே சொல்வேன். இரண்டாம் தடவை வரிசையில் நின்று பயனில்லை, இந்த வாரத்து நாலு லீற்றரை வியாழக்கிழமையும் எடுக்கலாம் என்று தெரிந்ததும் சனம் வீட்டில் இருந்தது. வாரத்துக்கு ஆகக்கூடியது எவ்வளவு போகும் என்று கணக்குப் போட அதிகாரிகளுக்கும் முதல் தடவையாக ஒரு பிடி கிடைத்தது.

அதன் குறையும் சின்னதல்ல. அது வண்டியை எண்ணியதே தவிர பிழைப்பைக் கேட்கவில்லை. வாடகைக்கு ஓடும் ஓட்டோவுக்கு ஐந்து லீற்றர் ஒரு நாள் ஓட்டத்துக்குத்தான் சரி. பிள்ளையைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போக மட்டும் வைத்திருப்பவருக்கும் அதே ஐந்து. பிறகு கூட்டினார்கள், ஆனால் அந்த முதல் வாரங்களில் அடுப்பெரியாத வீடுகளுக்கு அது என்ன ஆறுதல்?

கடலுக்குப் போகிறவர்களுக்கு விழுந்தது வேறு அடி. படகின் பின்னால் பூட்டும் அவர்களின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஓகஸ்ட் 22இல் மண்ணெண்ணெய் ஒரே அடியாக 87 ரூபாவிலிருந்து 340க்குப் போனது. ஒரு தடவை போய்வர 25 லீற்றர் எரிக்கும் படகுக்கு 6,325 ரூபா செலவு கூடியது, வலையில் என்ன படும் என்று தெரியாமலே. தொண்ணூறுகளில் போரின்போது வடக்கின்மேல் போட்ட பொருளாதாரத் தடைக்குள், சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. அந்த எண்ணெயின் அருமை எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காருக்கு லீற்றர்ப் பங்கு, படகுக்கு வெறும் விலை என்று பிரித்ததை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

பங்கீட்டையே தவிர்க்க, சேமித்து வைப்பதுதான் வழி என்றால் திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிய 99 தாங்கிகள் நிற்கின்றன. 2022 ஜனவரியில்தான் அவற்றில் 61ஐ இந்தியன் ஒயில் நிறுவனத்தோடு கூட்டாகச் சீரமைக்க ஒப்பந்தமானது. நல்ல காரியம். ஆனால் தாங்கியை நிரப்பவும் டொலர் வேண்டும், அதுவும் நெருக்கடிக்கு முன்னமே வேண்டும்.

கியூஆர் முறையை 2023 செப்டெம்பர் 1 முதல் நிறுத்தினார்கள். நிறுத்தியது சரி. அந்தப் பதிவேட்டைப் படகு இயந்திரத்தையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தையும் சேர்த்துப் புதுப்பித்து வைத்திருந்து, அடுத்த தடவை கையிருப்பு இறங்கத் தொடங்கும் வாரத்திலேயே எடுத்தால், கானோடு ஓடவேண்டிய நிலை எவருக்கும் வராது.