தையலுக்குத் துணையாகத் தருமபுரி பண்பலை 102.5

தைக்கும்போது எதைக் கேட்கலாம் என்று என்னிடம் தையல் பழக வரும் பெண்கள் கேட்பதுண்டு. எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதை வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கையில் இருக்கும் வேலை எது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. காவேரிப்பட்டினத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டும், மிஞ்சும் வெட்டுத்துணிகளையும் பழைய பருத்திச் சேலைகளையும் அடுக்கிப் போர்வை தைத்துக்கொண்டும் இருக்கும் எனக்கு, இயந்திரம் ஓடுகிற நேரமெல்லாம் ஆகாசவாணியின் தருமபுரி பண்பலை நிலையமே துணை. 102.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அந்த நிலையத்தைத் தையல்காரர்களுக்கு ஏன் பரிந்துரைக்கிறேன் என்பதையும், எந்த வேலைக்கு அது போதாது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

அதன் முதல் சிறப்பு, அது நம் கையை எதிர்பார்ப்பதில்லை என்பதே. கைப்பேசியில் பாடல் கேட்பவர் ஒரு பாட்டு முடிந்து அடுத்ததைத் தேடவோ, விளம்பரத்தைத் தள்ளவோ துணியை விட்டுவிட்டுத் திரையைத் தொட வேண்டியிருக்கிறது. கழுத்து வளைவைத் திருப்பும் இடத்தில் அப்படிக் கை விலகினால் தையல் கோணிவிடும். வானொலியைக் காலையில் ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். திரைப்பாடல், வேளாண் நிகழ்ச்சி, செய்தி என்று அது தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயரையும் பாடியவர், இசையமைத்தவர் பெயர்களையும் நிதானமாகச் சொல்லும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தச் சிறு இடைவெளி, நூலை அறுத்து அடுத்த துண்டை எடுத்து வைக்கச் சரியாக இருக்கும். வேளாண் நிகழ்ச்சியில் மாவைப் பற்றியும் தக்காளியைப் பற்றியும் ராகியைப் பற்றியும் பேசும்போது, துணி கொடுக்க வந்தவர்களும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஒலியின் தெளிவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மோட்டார் பொருத்திய இயந்திரத்தின் அருகில் எல்லா வானொலியும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. அந்தச் சிறு மோட்டாருக்குள் கார்பன் துண்டுகள் சுழலும் பகுதியை உரசுகிறபோது நுண்ணிய தீப்பொறிகள் எழுகின்றன. அவை வானொலி அலைகளாகவும் பரவுகின்றன. 612 கிலோஹெர்ட்ஸில் வரும் பெங்களூரு நிலையம், 999 கிலோஹெர்ட்ஸில் வரும் கோவை நிலையம் போன்ற மத்திய அலை ஒலிபரப்புகள், அலையின் வீச்சு கூடிக் குறைவதில் ஒலியை ஏற்றி அனுப்புவதால், பொறிகளின் இரைச்சல் அப்படியே அதில் கலந்து, மிதியை அழுத்தும்போதெல்லாம் கரகரவென்று கேட்கும். பண்பலையிலோ ஒலி அதிர்வெண்ணின் மாற்றத்தில் வருகிறது. வீச்சில் வந்து சேரும் இரைச்சலை வானொலிக் கருவியே பெரும்பாலும் வெட்டித் தள்ளிவிடுகிறது. அதனால்தான் மோட்டார் ஓடும்போதும் பாட்டு பாட்டாகவே கேட்கிறது. ஆனாலும் வானொலியை இயந்திரத்தின் பலகை மேல் வைக்க வேண்டாம். அதிர்வில் அது நகர்ந்துகொண்டே இருக்கும். பின்பக்கச் சுவரில் ஒரு தட்டு அடித்து, காது மட்டத்தில் வைப்பது நல்லது.

காதுக்குள் செருகும் கருவிகளை இயந்திரத்தின் முன் நான் அனுமதிப்பதே இல்லை. தொங்கும் கம்பி, சுற்றும் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இயந்திரத்தின் குரலைத் தையல்காரர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. ஊசி மழுங்கினால் துணியில் இறங்கும் ஒலி மாறி, தட்டுத் தட்டென்று கேட்கும். எண்ணெய் வறண்டால் ஓட்டம் கரடுமுரடாகும். எடுக்க மறந்த குண்டூசியில் ஊசி மோதினால் ஒரே ஒரு சுள்ளென்ற ஒலிதான் வரும், அந்தக் கணத்திலேயே நிறுத்தியாக வேண்டும். திறந்த அறையில் அளவாக ஒலிக்கும் வானொலி இவற்றை மறைப்பதில்லை. கைப்பேசியில் உள்ள எஃப்.எம். வசதிக்குக் காதுக்கருவியின் கம்பியே அலைவாங்கியாகத் தேவைப்படும் என்பதால், கம்பியைச் செருகிவிட்டு ஒலியை மட்டும் வெளி ஒலிபெருக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அளவெடுத்துத் துணி வெட்டும்போது எதையும் கேட்காதிருப்பதே நல்லது.

கைத்தையலில் நிலைமை வேறு. கொக்கி வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் போர்வைக்கு நெடுகிலும் ஓட்டுத்தையல் போடுவது ஆகியவை சத்தமில்லாத, ஒரே சீரான, நீண்ட நேர வேலைகள். விரல்கள் தாமாகவே போய்க்கொண்டிருக்க, மனம் ஒரு பேச்சுக்காக ஏங்குகிறது. பாட்டும் அறிவிப்புமாக மாறி மாறி வரும் பண்பலையைவிட, ஒலி வடிவில் வாசிக்கப்பட்ட ஒரு நீண்ட கதையே இதற்குப் பொருந்துகிறது. அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலில் இன்னொரு வரிசை தைத்துவிட்டுத்தான் எழத் தோன்றும். இயந்திரம் ஓடும்போது அதே கதையைக் கேட்டால் பாதி வசனம் போய்விடும் என்பதால், அதைக் கைத்தையலுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை என்பதால், நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மலை மறைக்கும் ஊர்களில் ஒலி மங்கத்தான் செய்யும். வானொலியைச் சன்னலோரம் வைத்து அலைவாங்கியை முழுதாக நீட்டிப் பார்த்தும் சரிவராதவர்கள், பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் ஆகாசவாணி நிலையங்களை இணையம் வழியே கேட்கலாம். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் ஒலி வந்தால் மணிக்கு 30 எம்.பி.க்குள்தான் செலவாகும். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பெங்களூரு விவித் பாரதி 102.9இல், மிக அருகிலேயே ஒலிப்பதால், முள்ளை நகர்த்தித் தேடும் மலிவான ரேடியோவில் தருமபுரி எளிதில் நழுவிப்போகும். அங்கே வாங்குபவர்கள் எண்ணைத் திரையில் காட்டி, நிலையத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை ரேடியோவையே கேட்டு வாங்குங்கள்.