மண்டபத்து வீட்டில் சுவர் நிறங்கள்: வாழ்ந்து பார்த்தபின் சொல்கிறேன்

ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டிலிருந்து வடகடலும் பக்கம், தென்கடலும் பக்கம். 2019-இல் எல்லா அறைக்கும் புது நிறம் அடித்தோம். எது தாங்கியது, எது வெளுத்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.

'வடக்கு அறை இருட்டடிக்கும், மஞ்சளோ பீச்சோ அடியுங்கள்' என்பார்கள். நம் கரைக்கு அது முழுதாகப் பொருந்தாது. சித்திரை பிறக்கும்போது சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்துவிடும். அதிலிருந்து ஆவணி நடுப்பகுதிவரை மதிய வெயில் வடக்குப் பக்கமிருந்துதான் விழும். போதாததற்கு வாசல் மணலும் வெளிச்சத்தை ஜன்னலுக்குள் திருப்பி அனுப்பும். அதனால் வடக்குப் படுக்கையறைக்குச் சாம்பல் கலந்த வெளிர்பச்சை அடித்தோம். கோடை மதியத்திலும் கண் கூசாது. இந்த வீட்டிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த சுவர் அதுதான்.

ஹாலுக்கு வெளிர் சந்தன நிறம். ஒரு சுவருக்கு மட்டும் அடர்நீலம் அடிப்பது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. கடலோரத்தில் வேண்டாம் என்பேன். என் மச்சான் வீட்டு நீலச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்து, திட்டுத் திட்டாக வெள்ளை தெரிகிறது. விரல் வைத்தால் மாவாக உதிர்கிறது. எங்கள் சுவரிலும் உப்பு உண்டு, ஆனால் சந்தன நிறத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மண்ணிலும் கட்டுமான மணலிலும் இருக்கும் உப்பு ஈரத்தோடு மேலேறுகிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது. அதன்மேல் ஈரம் புகாத பெயிண்டைப் பூசினால் கொப்புளம் கட்டி உரியும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகுதான் நிறம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும்.

அடுப்படியில் மீன் பொரிக்கும் எண்ணெய்ப் புகை படிவதால் துடைக்கக்கூடிய, லேசாகப் பளபளக்கும் எமல்ஷன்தான் சரி. நிறம் வெளிர்மஞ்சள்.

மகள் ஆசைப்பட்டுக் கேட்டது பளிச்சென்ற ரோஸ். பீரோவை நகர்த்தியபோது பின்னால் அன்று அடித்த அதே ரோஸ், ஜன்னல் பக்கம் பாதி வெளுத்த சுவர். வெயில் படும் இடத்துக்குக் காவி, மண் மஞ்சள் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்களை எடுங்கள். வெயிலுக்கு அவை எளிதில் வெளுக்காது.

நிறத்தை முடிவு செய்யும்முன் ஷேட் கார்டின் குட்டிக் கட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். சார்ட் அட்டையில் ரெண்டு கோட்டு அடித்து, அந்தந்தச் சுவரில் ஒட்டி, காலை, மதியம், இரவு மூன்று நேரமும் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்இடிக்குக் கீழே எங்கள் சந்தன நிறம் உயிரில்லாமல் கிடந்தது. மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் பல்பு மாட்டியதும் நன்றாக எடுத்துக் கொடுத்தது.

அப்புறம், வாடை மழை முடிந்து மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்கினால் சுவர் காய நேரம் கிடைக்கும். ஷேட் எண்ணைக் கண்டிப்பாக எழுதி வையுங்கள். பின்னாளில் ஓரிடம் மட்டும் தொட்டுப் பூசினால், அதே எண்ணாக இருந்தாலும் திட்டு தெரியும். பழைய நிறம் வெளுத்திருக்குமே! மூலைக்கு மூலை அந்தச் சுவர் முழுவதும் அடித்துவிடுவதுதான் வழி.