காய்ச்சலில் ஓடுகிறோம், ஆஸ்துமாவில் நிறுத்திவிடுகிறோம்

நாளைக் காலை லாங் ரன், வாரத்தின் நீண்ட தூர ஓட்டம். இரவிலேயே தொண்டை கரகரக்கிறது. மாரத்தானுக்குத் தயாராகிறவர் முன்னால் மூன்று வழிகள்: அட்டவணைப்படி ஓடலாம், குறைத்து ஓடலாம், படுத்துவிடலாம்.

அட்டவணையைப் பிடித்துக்கொள்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "விட்டால் இத்தனை நாள் உழைப்பு போச்சு." போகாது. ஒரு வாரம் ஓடாவிட்டால் தாங்குதிறன் குறைவது மிகச் சொற்பம். இரண்டு மூன்று வாரம் முழுக்க நிறுத்தினால்தான் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கும். அதையும் மீட்டுவிடலாம்.

காய்ச்சலோடு ஓடுவதன் விலை வேறு. உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினாலே பல்ஸ் நிமிடத்துக்குச் சுமார் 10 கூடுகிறது. மெதுவான ஈஸி ரன் என்று நினைத்து ஓடுவது இதயத்துக்கு வேகமான டெம்போ ரன் ஆகிவிடும். வைரஸ் இதயத் தசையைத் தாக்கி மயோகார்டைட்டிஸ் என்ற இதயத் தசை வீக்கம் வந்துவிட்டால் வழக்கமாக 3 முதல் 6 மாதம் ஓட்டத்துக்கே தடை. அந்த வீக்கத்தோடு ஓடியவர்கள் திடீரென இறந்ததும் உண்டு. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கிளம்புவதை நான் இன்னும் மோசமாகப் பார்க்கிறேன். எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டுப் போகிறோம், நோய் அப்படியேதான் இருக்கிறது.

குறைத்து ஓடுவதற்கு ஓட்டக்காரர்களிடையே ஒரு கழுத்துக் கணக்கு இருக்கிறது. மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டை உறுத்தல் என்று கழுத்துக்கு மேலே மட்டும் என்றால் பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். சரிப்படவில்லை என்றால் நடந்தே வீடு திரும்ப வேண்டும். நெஞ்சுச் சளி, உடம்புவலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்றால் படுக்கைதான்.

நாள்பட்ட நோய் என்று வரும்போது என் தீர்ப்பு அப்படியே மாறுகிறது. காய்ச்சலோடு பிடிவாதமாக ஓடுகிற அதே ஆட்கள், ஆஸ்துமா என்று தெரிந்ததும் ஓட்டத்தையே விட்டுவிடுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆஸ்துமா உள்ள பிரிட்டிஷ் ஓட்டக்காரர் பவுலா ராட்க்ளிஃப்தான் 2003இல் லண்டன் மாரத்தானை 2:15:25 நேரத்தில் ஓடி முடித்தார். பெண்கள் மாரத்தானில் அந்த உலக சாதனை 2019 வரை நின்றது. மருத்துவர் சொன்னபடி ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பு இன்ஹேலர், அப்புறம் நிதானமான வார்ம்-அப், குளிர்ந்த வறண்ட காற்றில் மூக்கையும் வாயையும் மூடிய துணி. இவ்வளவும் செய்தால் பலரால் நன்றாகவே ஓட முடிகிறது.

இன்சுலின் போடுபவர்களுக்கு வேலை கொஞ்சம் அதிகம். ஓடும் முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் முதலில் மாவுச்சத்து ஏதாவது சாப்பிட வேண்டும். 250க்கு மேல் போய், சோதனையில் கீட்டோனும் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) காட்டினால் அன்று ஓட்டம் கிடையாது. பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும்.

நாள்பட்ட நோய் உள்ளவருக்கு ஜலதோஷமோ காய்ச்சலோ சேர்ந்து வரும் நாள்தான் சிக்கலானது. ஆஸ்துமாக்காரருக்குச் சாதாரண ஜலதோஷமே சீக்கிரம் நெஞ்சுக்கு இறங்கிவிடும். கழுத்துக் கணக்கை அவர் நம்பக் கூடாது. தொற்று வந்தால் நீரிழிவுக்காரரின் சர்க்கரையும் தாறுமாறாக ஏறும். இவர்கள் மற்றவர்களைவிட ஒரு நாள் முன்னதாக நிறுத்தி, ஒரு நாள் தாமதமாகத் தொடங்குவது நல்லது.

தொடங்கும் நாளை அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்து, காலையில் எழுந்ததும் பார்க்கும் பல்ஸ் பழைய எண்ணுக்கு வந்திருந்தால் முதலில் நடை, அடுத்த நாள் இருபது நிமிட ஈஸி ரன். வேகமாக ஓடி, இடையிடையே ஓய்வெடுக்கும் இன்டர்வல் பயிற்சி எல்லாம் அடுத்த வாரம்.