எதிர்காலக் கார் பந்தயம்: வீட்டோடு பார்க்க எந்தப் படம்?

லீவுக்கு வரும் அக்கா பையனுக்கு ஏழு வயது. வந்ததும் ஒரே கேள்வி: "மாமா, ரேஸ் படம் இருக்கா?" மூன்று அனிமேஷன் படங்கள் இருக்கின்றன. எதில் வேகம் அதிகம் என்று கேட்டால் பதில் சுலபம். எதை அவனோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்பதில்தான் யோசனை.

வேகத்தில் ‘ரெட்லைன்’ பக்கத்தில் எதுவும் நிற்காது. ஜப்பானின் மேட்ஹவுஸ் ஸ்டுடியோவுக்காக டகேஷி கொய்கே இயக்கி, 2009இல் முதலில் திரையிடப்பட்டது. கார்களெல்லாம் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதக்கத் தொடங்கிவிட்ட காலம். கதாநாயகன் ஜேபி மட்டும் நாலு சக்கரத்தை விடமாட்டேன் என்கிறான். படத்தை எடுத்தவர்களும் அவனைப் போலத்தான். எல்லோரும் கணினிக்குப் போய்விட்ட நேரத்தில், ஏழு ஆண்டு உட்கார்ந்து சுமார் ஒரு லட்சம் படங்களைக் கையால் வரைந்திருக்கிறார்கள். ஜேபி வேகத்தைக் கூட்டும் நைட்ரோவை அழுத்தியதும் கார் ரப்பர் மாதிரி நீள்கிறது, அவன் முகமும் பின்னால் இழுபடுகிறது. பார்க்கிற நம் முதுகும் நாற்காலியில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் சில காட்சிகள் பெரியவர்களுக்கானவை. பையனோடு பார்க்க முடியாது.

‘மேட்ரிக்ஸ்’ எடுத்த வாச்சோவ்ஸ்கிகளின் ‘ஸ்பீட் ரேசர்’ (2008), 1967இல் வந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடரிலிருந்து பிறந்தது. நடிகர்கள் நிஜ மனிதர்கள், சுற்றியுள்ள உலகம் பெரும்பாலும் கணினி. அதனால் இதை அனிமேஷன் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் ஏமாற்று வேலைதான். ஆனாலும் மிட்டாய்க் கடையைக் கவிழ்த்துவிட்டதுபோன்ற அந்த நிறங்களைப் பார்த்தால் சேர்க்காமல் இருக்க மனம் வராது. கார் கட்டும் அப்பா, பக்கபலமாக அம்மா, தம்பிப் பையன், அவன் கூட்டாளியாக ஒரு சிம்பன்சி என்று குடும்பமே பந்தயத்தில் இறங்குகிறது. சிம்பன்சி வந்தால் குழந்தைகள் கைதட்டுவார்கள். நடுவில் ஒரு முதலாளி, பந்தயத்துக்கும் பங்கு விலைக்கும் உள்ள தொடர்பை நீட்டி முழக்கும்போது பையன் ரிமோட்டைத் தேடுவான். மொத்தம் 135 நிமிடம் வேறு.

அப்புறம் பிக்ஸாரின் ‘கார்ஸ் 3’ (2017). பறக்கும் கார், வேற்றுக்கிரகம் எதுவும் இல்லை. ஆனால் எதிர்காலம் வந்தால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவன் கதி என்ன என்று கேட்பது மூன்றில் இது மட்டும்தான். புதுத் தலைமுறைக் கார் ஜாக்சன் ஸ்டார்ம், நிஜத் தடம்போலக் காட்டும் சிமுலேட்டர் இயந்திரத்தில் பயிற்சி எடுத்து, புள்ளிவிவரத்தோடு வந்து ஜெயிக்கிறான். கதாநாயகனான பழைய கார் லைட்னிங் மெக்வீனும் சிமுலேட்டரில் ஏறிப் பார்த்து அதையே உடைத்துவிடுகிறான். பிறகு பயிற்சியாளரான க்ரூஸ் ராமிரெஸ் என்ற காரோடு கடற்கரை மணலில் ஓடினால், அவளுடைய சக்கரங்கள் புதைகின்றன. சிமுலேட்டரிலேயே பழகியவளுக்கு மணல் புதிது. மெக்வீனின் பழைய குரு டாக் ஹட்ஸனும் நினைவாக வருகிறார். அவருக்குக் குரல் கொடுத்த நடிகர் பால் நியூமன் 2008இலேயே இறந்துவிட்டார். முதல் ‘கார்ஸ்’ படத்துக்காகப் பதிவு செய்து மிச்சமிருந்த குரலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது தெரிந்து பார்த்தால் அந்த இடங்கள் கனமாகிவிடும். நடுப்பகுதி கொஞ்சம் இழுவைதான். ஆனால் பள்ளிப் பேருந்து ஒன்று கொம்பு வைத்துக்கொண்டு மோத வரும் சேற்றுக் களம் அதைச் சரிக்கட்டிவிடுகிறது.

பையனோடு ‘கார்ஸ் 3’ என்று முடிவு செய்துவிட்டேன். ‘ஸ்பீட் ரேசர்’ அவனுக்குப் பத்து வயதாகட்டும். ‘ரெட்லைன்’, அவன் தூங்கியபிறகு, ஹெட்போன் போட்டுக்கொண்டு.